நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கிழங்கு

ஆண்களுக்கான சென்ட் என்றதும் நினைவுக்கு வரும் வாசனைகளில் பாதி 1988இல் பிறந்தவை என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. அந்த ஆண்டுதான் டேவிடாஃப் நிறுவனத்தின் கூல் வாட்டர் வந்தது. பியர் பூர்தோன் செய்த அந்தக் கலவை, டைஹைட்ரோமிர்செனால் என்ற செயற்கைப் பொருளை அள்ளிப் போட்டு, குளித்து முடித்த ஆணின் வாசனை இதுதான் என்று உலகத்தை நம்ப வைத்தது. அதே ஆண்டில் வந்த டியோரின் ஃபாரன்ஹைட் வயலட் இலையின் பச்சை வாடையைப் பெட்ரோல் நெடியோடு இணைத்தது. இரண்டும் கோடிக்கணக்கில் விற்றன. இன்றும் விமான நிலையக் கடைகளில் இரண்டையும் வாங்கலாம்.

அதே 1988இல் பாரிஸில் ஒரு புதிய சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் மெத்ர் பார்ஃப்யூமர் எ கான்தியே. வாசனைத் திரவியமும் கையுறையும் செய்யும் ஆசான் என்று பொருள். அதன் முதல் வரிசையில் ஆண்களுக்கென வந்த ஒன்றுதான் ஐரிஸ் ப்ளூ கிரி. நீலமும் சாம்பலும் கலந்த ஐரிஸ். கடலும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. ஒரு கிழங்கின் வாசனை, கொஞ்சம் தோல், கொஞ்சம் வெட்டிவேர், கொஞ்சம் மரப்பாசி. அப்போது இதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் ஆண்களுக்கான ஐரிஸ் என்று இன்று எழுதப்படும் எந்த வரலாறும் இதைத் தவிர்த்துவிட்டு நகர முடியாது.

நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ஃபிரான்சுவா லபோர்த் அந்தத் தொழிலுக்குப் புதியவர் அல்லர். 1972இல் சிஸ்லே அழகுப்பொருள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அது 1976இல் ஓர்னானோ குடும்பத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு லார்ட்டிசான் பார்ஃப்யூமரைத் தொடங்கினார். பெரிய ஆடை நிறுவனங்களின் பெயரைச் சாராமல், வாசனையை மட்டுமே விற்றுப் பிழைக்க முடியும் என்று காட்டிய முதல் சில கடைகளில் அதுவும் ஒன்று. இன்று ‘நிஷ்’ என்று பெயர் சூட்டி எத்தனையோ மடங்கு விலைக்கு விற்கப்படும் ஒரு வணிகமே அங்கிருந்து கிளைத்தது எனலாம். அதையும் விட்டு வெளியே வந்துதான் 1988இல் மூன்றாவது முறையாகக் கடை விரித்தார். இம்முறை அவர் பின்னோக்கிப் பார்த்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சின் கையுறைக் கடைகளை நோக்கிய பார்வை அது. அந்தப் பார்வை வெறும் அலங்காரமா, கலவைக்குள்ளும் இருக்கிறதா என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்க முயல்கிறது. கலவைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் துணிபு. ஆனால் அதற்கு முதலில் கிழங்கைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஐரிஸ் செடியின் பூ அழகானது. வாசனைத் தொழிலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தொழிலுக்கு வேண்டியது மண்ணுக்குள் படுக்கையாக வளரும் கிழங்கு. இரண்டு இனங்கள் முக்கியம். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், குறிப்பாகக் கியாந்தி மலைச்சரிவுகளில் உள்ள சான் போலோ போன்ற ஊர்களில் பயிராகும் ஐரிஸ் பல்லிடா ஒன்று. மொராக்கோவில் அதிகம் விளையும் ஐரிஸ் ஜெர்மானிக்கா மற்றொன்று. இப்போது சீனாவிலிருந்தும் கணிசமாக வருகிறது. டஸ்கனியில் இதற்கென்று நல்ல நிலத்தை ஒதுக்கும் வழக்கம் குறைவு. திராட்சைக்கும் ஆலிவுக்கும் இடையில் இருக்கும் கல் வரப்புகளில், வேறெதுவும் சரியாக வராத இடங்களில் நட்டு வைப்பார்கள். மூன்று ஆண்டுகள் ஆனதும் கோடையில் தோண்டி எடுத்து, வேரை அறுத்து, வளைந்த சிறு கத்தியால் ஒவ்வொன்றாகத் தோல் சீவி, துண்டு போட்டு வெயிலில் காய வைப்பார்கள். இந்தச் சீவும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைப்பது கடினம். கிழங்குகள் கண்ட வடிவத்தில் கணுக்கணுவாக முறுக்கிக் கிடக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கிழங்கை அன்றே முகர்ந்தால் ஏமாற்றம்தான். பச்சை உருளைக்கிழங்கின் மண்வாடை வரும், வேறொன்றும் வராது. மணம் வருவதற்கு அதைச் சும்மா வைத்திருக்க வேண்டும். சாக்கிலோ பெட்டியிலோ, காற்றோட்டமான கிடங்கில், குறைந்தது மூன்று ஆண்டுகள். கிழங்குக்குள் இரிடால் என்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மணம் இல்லை. காற்றின் ஆக்சிஜன் பட்டுப்பட்டு அவை மெல்ல உடைந்து ஐரோன் என்ற சிறிய மூலக்கூறுகளாக மாறுகின்றன. ஐரிஸின் மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ஐரோனைத்தான். ஆக நிலத்தில் மூன்று, கிடங்கில் மூன்று என ஆறு ஆண்டுக் காத்திருப்பு. இன்று நட்ட செடி ஒரு குப்பிக்குள் போவதற்குள் அந்தக் குப்பிக்குத் திட்டமிட்ட விற்பனை அதிகாரி வேறு இரண்டு கம்பெனி மாறியிருப்பார்.

காய்ந்த கிழங்கை அரைத்து நீராவியில் வடித்தால் கிடைப்பது எண்ணெய் அல்ல, கெட்டியான மெழுகு. தொழிலில் அதை ஐரிஸ் வெண்ணெய் என்கிறார்கள். தேங்காயெண்ணெயிலும் இருக்கும் மிரிஸ்டிக் அமிலம்தான் அதில் பெரும்பங்கு. அதனால்தான் அறை வெப்பத்தில் உறைந்து நிற்கிறது. ஒரு டன் காய்ந்த கிழங்கிலிருந்து ஏறத்தாழ 2 கிலோ வெண்ணெய் கிடைக்கும். தரமான வெண்ணெயில் ஐரோனின் அளவு 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு 300 கிராம். அந்த ஒரு டன்னும் தோண்டும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்த கிழங்கு. கொழுப்பு அமிலத்தை முழுவதும் நீக்கி எடுக்கும் சாறு இன்னும் வீரியமானது. அதன் விலையைத் தங்கத்தோடு ஒப்பிடுவது தொழிலில் வழக்கம். இந்த ஒப்பீட்டை வணிகர்கள் கொஞ்சம் அளவுக்கு மீறியே பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குப்பிக்குள் போகும் ஐரிஸ் வெண்ணெய் பெரும்பாலும் மிகச் சொற்பம். மீதியை வேறு பொருள்கள் தாங்கிப் பிடிக்கின்றன.

அந்த வேறு பொருள்களின் கதை 1893இல் தொடங்குகிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் டீமன், பால் க்ரூகரோடு சேர்ந்து ஐரிஸ் கிழங்கின் மணப்பொருளை ஆராய்ந்தார். வயலட் பூவின் மணமும் இதுவும் மூக்குக்கு நெருங்கியவை. வயலட் பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுப்பது மலைக்க வைக்கும் செலவு. ஆகவே கிழங்கின் வழியாக வயலட்டைப் பிடிக்கலாம் என்பது திட்டம். கிழங்கில் இருந்த பொருளுக்கு ஐரோன் என்று பெயர் வைத்து, அதன் சூத்திரத்தில் 13 கார்பன் என்று கணக்கிட்டார்கள். அதே சூத்திரத்தில் ஒன்றை ஆய்வகத்தில் செய்யலாம் என்று சிட்ராலையும் அசிட்டோனையும் சேர்த்து, கிடைத்ததை அமிலத்தால் வளையமாக மடக்கியபோது வயலட் மணக்கும் அயனோன் கிடைத்தது. கணக்கு ஒரு கார்பன் பிசகு. ஐரோனில் இருப்பவை 14. அதன் முழு அமைப்பு லியோபோல்ட் ருசிச்கா போன்றோரின் ஆய்வுகளால் 1947இல்தான் தெளிவானது. பிசகான கணக்கில் பிறந்த அயனோன்தான் இருபதாம் நூற்றாண்டு வாசனைத் தொழிலின் தூண்களில் ஒன்றாயிற்று.

சிட்ராலுக்கு மலிவான மூலம் எது? தென்னிந்திய வாசகர்களுக்கு இது ஆர்வமூட்டக்கூடும். லெமன்கிராஸ் எண்ணெயில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் சிட்ரால்தான். திருவிதாங்கூர் மலைகளில் வளர்ந்த புல்லிலிருந்து வடித்து, கொச்சித் துறைமுகம் வழியாகப் போன அந்த எண்ணெய் உலகச் சந்தையில் கொச்சி எண்ணெய் என்றே பெயர் பெற்றிருந்தது. செயற்கை சிட்ரால் பெருகும்வரை ஐரோப்பாவின் வயலட் சோப்புக்கும் முகப்பூச்சுக்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் இருந்தது. மலிவான அயனோன் வந்ததும் வயலட்டும் ஐரிஸும் ஒரே குடும்பமாகி, முகப் பவுடரிலும் லிப்ஸ்டிக்கிலும் குடியேறின. ஐரிஸ் வாசனையை முகர்ந்ததும் பலர் ‘அம்மாவின் கைப்பை’, ‘லிப்ஸ்டிக்’ என்று சொல்வதற்குக் காரணம் கிழங்கல்ல. நூறு ஆண்டுக்கால அழகுப்பொருள் தொழிற்சாலைகள். ஐரிஸ் பெண்களுக்குரியது என்ற எண்ணத்துக்கு அவ்வளவுதான் வயது.

அதற்கு முன்னால் நிலைமை வேறு. கொரிந்து நகரத்து ஐரிஸ் தைலம் நெடுங்காலம் புகழ் பெற்றிருந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஐரிஸ் பொடி துணிப்பெட்டியிலும் கையுறையிலும் இருந்தது. தோல் பதனிடும் தொழிலின் நாற்றத்தை நினைத்துப் பார்த்தால் கையுறைக்கு வாசனை ஏற்றியதன் தேவை புரியும். பதனிட்ட தோலைப் பூக்களோடும் பிசின்களோடும் கஸ்தூரியோடும் ஊற வைத்துப் பொடி தூவி விற்றார்கள். கிராஸ் நகரம் வாசனை நகரமாவதற்கு முன் தோல் நகரமாகத்தான் இருந்தது. இத்தாலியிலிருந்து 1533இல் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்த கேத்தரீன் தெ மெடிச்சிதான் இந்த மோகத்தைக் கொண்டுவந்தார் என்று எல்லா வாசனைப் புத்தகங்களும் சொல்லும். இவ்வளவு ஒழுங்காக அமைந்த கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. ஆனால் கையுறை வணிகர்கள் வாசனை வணிகர்களாகவும் இருக்கும் உரிமையை 1614இல் பதின்மூன்றாம் லூயியின் ஆணை உறுதிசெய்தது. லபோர்த் தன் கடைக்கு எடுத்துக்கொண்ட பட்டம் அந்தச் சங்கத்தினுடையது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழங்குப் பொடி ஆண்களின் தலையிலேயே ஏறியது. பொய்மயிருக்குத் தூவும் மாவுக்கு ஐரிஸ் பொடியால் மணமூட்டினார்கள். இங்கிலாந்தில் தலைப்பொடி போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு கினி கட்டி உரிமச்சீட்டு வாங்க வேண்டும் என்று 1795இல் வரி வந்தது. பிரான்சில் புரட்சி வேறு. இரண்டு பக்கமும் பொடித் தலைகள் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண் கறுப்புக் கோட்டுக்குள் புகுந்தான். கொலோன் தண்ணீரைத் தவிர வேறு வாசனை அவனுக்குக் கௌரவக் குறைவு. பின்னர் 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயாலின் வழியில் லாவெண்டர், கூமரின், மரப்பாசி என்ற மூன்றும் சேர்ந்து ஆண் வாசனையின் இலக்கணமாயின. அந்த இலக்கணத்தில் கிழங்குக்கு வெளிப்படையான இடம் இல்லை.

இப்போது ஐரிஸ் ப்ளூ கிரிக்கு வருவோம்.

தோலில் தெளித்த முதல் சில நிமிடங்கள் இதன் பலவீனமான பகுதி என்பேன். பச்சைக் கசப்பு, சற்றே கூர்மை, பழைய நாவிதர் கடை நினைவு. கடையில் காகிதப் பட்டையில் தெளித்து முகர்ந்துவிட்டுப் போகிறவர்கள் இதோடு முடிவு கட்டிவிடுவார்கள். காத்திருந்தால் கிழங்கு மேலே வரும். பூவாக வராது, குளிர்ச்சியாக, உலர்ந்து, மாவு போல வரும். அதற்குள் காரட் தோலின் மண் இனிப்பு கொஞ்சம் இருக்கும். மல்லிகை இருக்கிறது என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். ஆனால் தனியாகத் தெரியாது. மாவின் வறட்சியை மழுங்கச் செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இதற்கடுத்த கட்டம்தான் இந்தக் கலவையின் சாதனை. கிழங்கின் மாவுத்தன்மைக்குக் கீழே தோல் வருகிறது. சேணம், பூட்ஸ் என்று தொழுவத்தை நினைவூட்டும் முரட்டுத் தோல் அல்ல. மெல்லிய தோலின் உட்புறம், கை படும் பக்கம். கிழங்கு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பொடி தூவிய கையுறையில் அந்தக் காலத்து மூக்கு உணர்ந்திருக்கக்கூடிய மயக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கடியில் வெட்டிவேரும் ஓக் மரப்பாசியும். வெட்டிவேரை நாம் கோடைக்காலப் பானையில் ஊறிய குளிர்ச்சியாகப் பழகியிருக்கிறோம். இங்கே அது வறண்டு, புகை சேர்ந்து, முதுகெலும்பு மாதிரி நிற்கிறது. லபோர்த் அதே 1988இல் வெட்டிவேருக்கென்றே ரூத் தியூ வெத்திவே என்ற தனித் திரவியம் செய்தார். அதில் வேர் மண்ணும் ஈரமுமாக முரண்டு பிடிக்கும். இதில் அடங்கி நடக்கும். மரப்பாசி என்பது ஓக் மரப் பட்டையில் படரும் எவர்னியா என்ற லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் அதே லைக்கன் குடும்பம்தான். அதன் கசந்த ஈர வாசனை ஐரிஸின் மாவை முகப் பவுடராக மாறவிடாமல் தடுக்கிறது.

இந்தத் தடுப்புதான் விஷயத்தின் மையம். வாசனையில் ஆண், பெண் என்பது பொருளில் இல்லை, அண்டை வீட்டில் இருக்கிறது. இதற்கு நல்ல சான்று பெயரிலேயே நெருங்கிய உறவுள்ள இன்னொரு திரவியம்: 1947இல் ஜாக் ஃபாத் நிறுவனத்துக்காக வான்சான் ரூபேர் செய்த ஐரிஸ் கிரி. அதிலும் நடுநாயகம் ஐரிஸ்தான். தாராளமாக, செலவைப் பார்க்காமல். ஆனால் ரூபேர் அதற்குப் பக்கத்தில் வைத்தது பீச் பழத்தின் இனிப்பு. அதே கிழங்கு அங்கே கன்னத்து மென்மயிர் போல மென்மையாகிவிடுகிறது. அந்தத் திரவியம் சந்தையிலிருந்து மறைந்து, வெர்சாயில் 1990இல் தொடங்கப்பட்ட ஓஸ்மோதெக் வாசனைக் காப்பகத்தில் மட்டும் உயிரோடு இருந்து, 2018இல் மறு உருவாக்கம் பெற்றது. ரூபேர் பழத்தை வைத்த இடத்தில் லபோர்த் தோலையும் பாசியையும் வைத்தார். கிழங்கு ஒன்றுதான்.

மூன்றாவது வழியும் உண்டு: அண்டை வீடே வேண்டாம் என்பது. 1994இல் செர்ஜ் லுட்டன்ஸுக்காக மோரிஸ் ரூசெல் செய்த ஐரிஸ் சில்வர் மிஸ்ட் அப்படி. கிழங்கு, மேலும் கிழங்கு, அதன் மண், அதன் உலோகக் குளிர். ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. சில நாட்களில் மனிதர்களுக்கானதா என்றே சந்தேகம் வரும். வியக்கலாம், அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போவது வேறு. ஐரிஸ் ப்ளூ கிரியைப் போட்டுக்கொண்டு போகலாம்.

பெருவாரியான ஆண்களுக்கு ஐரிஸை அறிமுகம் செய்த பெருமை டியோர் ஓம் என்ற 2005ஆம் ஆண்டுத் திரவியத்துக்குப் போகும். ஹெடி ஸ்லிமான் டியோரின் ஆண்கள் பிரிவை நடத்திய காலத்தில் ஒலிவியே போல்ஜ் செய்தது. லாவெண்டர், கோகோ, தோல், அவற்றுக்கு நடுவில் பளிச்சென்று ஐரிஸ். அதைத் தைரியமான கலவை என்று கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். பெரிய நிறுவனம் ஒன்று லிப்ஸ்டிக் வாடையை ஆணின் கழுத்தில் வைத்து விற்றது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் அந்தத் தைரியம் ஒரு முரணை நம்பியிருக்கிறது: ஐரிஸ் பெண்ணுடையது, அதை ஆண் அணிகிறான் என்ற சிறு அதிர்ச்சி. அதிர்ச்சியைக் கோகோவின் இனிப்பு சமன் செய்கிறது. லபோர்த்துக்கு அப்படி ஓர் அதிர்ச்சி தேவைப்படவில்லை. அவர் கிழங்கை முகப் பவுடர் யுகத்துக்கு முந்தைய முகவரியிலிருந்து எடுத்து வந்தார். அங்கே அது ஆணின் கையுறையிலும் தலையிலும் எந்த விளக்கமும் இல்லாமல் இருந்தது. இரண்டில் எது பெரிய கலை என்று கேட்டால் நான் 1988இன் பக்கம். 2020இல் டியோர் நிறுவனம் டியோர் ஓம் என்ற பெயரை ஐரிஸ் இல்லாத மரவாசனைக் கலவை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பழையதை ‘ஒரிஜினல்’ என்ற ஒட்டோடு தனியே வைத்தது. சந்தைக்கு எது சுமையாக இருந்தது என்பது அதில் தெரிகிறது.

ஐரிஸ் திரவியங்களை ரசிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அதற்குக் காரணம் ரசனை அல்ல, மூக்கின் அமைப்பு. அயனோன் வகைப் பொருள்கள் மூக்கைச் சீக்கிரம் களைக்க வைக்கும். முகர்ந்த சற்று நேரத்தில் வாசனை காணாமல் போனது போலத் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ திரும்ப வரும். கொஞ்ச நேரம்கூட நீடிக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர் அருகில் இருக்கும் இன்னொருவர் ‘நல்ல வாசனை, என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்பது இதனால்தான். இன்னொன்று பிறவியிலேயே வருவது. பீட்டா-அயனோனை உணரும் திறன் பெருமளவுக்கு ஓஆர்5ஏ1 என்ற ஒரே மரபணுவில் தங்கியிருப்பதை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஒரு வகை மரபணு உள்ளவர்களுக்கு அது மலர் மணம். மற்றவர்களுக்கு அது மிக அதிக அளவில்தான் எட்டும். எட்டும்போதும் பூவாக இருக்காது, வினிகர் போன்ற காட்டமாக இருக்கும். ஐரோனும் பீட்டா-அயனோனும் ஒன்றல்ல. ஆனால் ஐரிஸ் கலவைகளில் அயனோன் குடும்பமும் கூடவே வருவதால், ஒரே குப்பியை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிப்பதற்கு இது ஒரு காரணம். வாசனை விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் மூக்கில்லாதவர் என்று திட்டிக்கொள்ளும்போது, சில சமயம் அது எழுத்துப் பிசகாத உண்மை.

1988இல் செய்ததை இன்று அப்படியே செய்ய முடியாது என்பதும் ரசனையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஓக் மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் சிலரின் தோலில் கடும் ஒவ்வாமை உண்டாக்குபவை. வாசனைத் தொழிலின் சொந்த அமைப்பான இஃப்ரா முதலில் பாசியின் அளவைக் கட்டுப்படுத்தியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அந்த இரு பொருள்களையும் தடை செய்தது. 2019 முதல் அவை சேர்ந்த புதிய சரக்கைச் சந்தைக்கு விட முடியாது, 2021 முதல் பழைய சரக்கையும் விற்க முடியாது. அவற்றை நீக்கிச் சுத்திகரித்த பாசிச்சாறு கிடைக்கிறது. கசப்பு இருக்கிறது, ஆழம் மெலிந்துவிட்டது. பாசியை நம்பிக் கட்டிய எல்லாப் பழைய ஆண் திரவியங்களுக்கும் நேர்ந்த கதிதான் இது. ஐரிஸ் ப்ளூ கிரியைப் பொறுத்தவரை பாசி மெலிந்தால் பலன் தெரிந்ததே: கிழங்கு கொஞ்சம் பவுடர் பக்கம் சாயும். அண்டை வீட்டுக்காரர் காலி செய்தால் தெருவின் குணமே மாறுகிறது.

தடையைக் குறை சொல்லிப் புலம்பும் ரசிகர் கூட்டத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தோல் புண்ணாகிறவர்களின் தொந்தரவு நிஜம். ஆனால் தொழில் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, விலை அதிகமான பொருள்களையும் சத்தமில்லாமல் குறைத்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டில் பொருள் இருக்கிறது. ஐரிஸ் வெண்ணெய்க்குப் பதில் மெத்தில் அயனோனைக் கூட்டிப் போட்டால் காகிதப் பட்டையில் முதல் அரைமணி நேரத்துக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மெத்தில் அயனோன்களும் ஐரோனும் ஒரே சூத்திரம், 14 கார்பன்தான். அணுக்கள் அமரும் வரிசை மட்டும் வேறு. வேறுபாடு பின்னால்தான் வெளிப்படும். செயற்கைப் பொருள் மரமும் வயலட்டுமாகத் தட்டையாக நிற்கும்; கிழங்கு வெண்ணெய் மாவு, மெழுகு, மண், தோல் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஐரிஸ் திரவியம் எதையும் சோதிக்க நல்ல வழி, காலையில் தெளித்துக்கொண்டு மாலையில் முடிவு செய்வது.

பழைய குப்பிகள் சேகரிப்பாளர்களிடம் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. நான் முகர்ந்தவற்றில் மேல்வாசனை கெட்டு, முதல் நிமிடம் நகப்பூச்சு நீக்கி போல நெடியடித்ததும் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டால் கீழே கிழங்கும் பாசியும் அநேகமாகச் சேதமில்லாமல் இருக்கும். இரண்டுமே எளிதில் ஆவியாகாத சரக்கு. புதிய குப்பியே கிடைக்குமென்றாலும் வாங்கத் தகுந்ததுதான். ஆனால் அதை 1988இன் வாசனை என்று எண்ணி மதிப்பிட வேண்டாம். நம் ஊர் வெயிலில் தோலில் தெளித்தால் வியர்வையோடு சேர்ந்து தோல்வாடை முந்திக்கொண்டு வந்து கிழங்கை விழுங்கிவிடுகிறது. குளிரூட்டிய அலுவலகத்தில், அல்லது மார்கழியில், சட்டையின் உட்புறத்தில் இரண்டு முறை தெளித்தால் போதும். பழைய குப்பியாக இருந்தால் வெள்ளைச் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். பாசிச்சாற்றின் கரும்பச்சைக் கறை எளிதில் போகாது.